புகை இருந்தவரை காவல் இருந்தது

கோவையை அடுத்த பேரூரைத் தாண்டி மேற்கே தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, நரசீபுரம் என்று பிரியும் சாலைகளின் இருபுறமும் பாக்கும் தென்னையும் வாழையும் நிற்கின்றன. அந்தத் தோட்டங்களுக்கு நடுவே இப்போது பண்ணை வீடுகளும் விடுதிகளும் எழும்பியிருக்கின்றன. சிலவற்றில் நீச்சல் குளம் உண்டு. வெள்ளியங்கிரி அடிவாரத்து மார்கழிக் குளிரில் அந்தக் குளத்தில் கால் வைக்க முடியவில்லை என்பதால், தண்ணீரைச் சூடாக்க எரிவாயு ஹீட்டர் பொருத்தலாமா என்ற கேள்வியும் உடன் வந்துவிட்டது. கொங்கு நாட்டின் வரலாற்றில் இப்படி ஒரு தேவை இதற்கு முன் எழுந்ததில்லை. ஆனால் கேள்விக்குள் இருக்கும் சிக்கல் பழையது. நெருப்பு எங்கே இருக்க வேண்டும், அது யாருடைய காற்றை இழுத்து எரிய வேண்டும், அதன் கழிவு எந்த வழியாக வெளியேற வேண்டும் என்பதே அந்தச் சிக்கல். இந்த வட்டாரம் வெந்நீர் வைத்த கதையைத் தொடர்ந்து பார்த்தால் ஒன்று புலப்படும். நெருப்பைக் குளிப்பவரிடமிருந்து தள்ளி வைத்தது முன்னோரின் விஞ்ஞான அறிவு அல்ல, புகையின் தொல்லை. எரிபொருள் மாறிப் புகை மறைந்ததும் நெருப்பு உள்ளே வந்துவிட்டது. இன்று ஹீட்டர் பொருத்துவதற்குச் சொல்லப்படும் விதிகள் எல்லாம் புகை செய்துவந்த காவல் வேலையை மனிதர் கையில் எடுத்துக்கொள்ளும் முயற்சிகளே.

முதலில் நீச்சலையும் வெந்நீரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். கொங்கு நாட்டில் நீச்சல் கிணற்றில் நடந்தது. பாறையை உடைத்து வெட்டிய அகலமான திறந்த கிணறுகள் இங்கே தோட்டத்துக்கு ஒன்றாக இருந்தன. கவலை பூட்டி மாடுகள் நீர் இறைத்த காலத்திலும், 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி, மின்சாரம் மெல்ல மெல்லத் தோட்டங்களுக்கு வந்து பம்புசெட் ஓடிய காலத்திலும், பிள்ளைகள் நீந்தக் கற்றது அந்தக் கிணறுகளில்தான். அந்தத் தண்ணீரை யாரும் சூடாக்கவில்லை. சூடாக்கவும் தேவைப்படவில்லை. ஆழத்து நீரின் வெப்பம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. வேசகாலமான கோடையில் குளிர்ச்சியாகத் தோன்றும் அதே நீர் தை மாதத்து விடியலில் வெதுவெதுப்பாக இருக்கும். மோட்டார் போட்டதும் தொட்டியில் விழும் தண்ணீரில் ஆவி எழுவதைத் தோட்டக்காரர்கள் அறிவார்கள். வெந்நீர் என்பது வேறு கணக்கு. எண்ணெய் தேய்த்து அரப்புப் போட்டுத் தலைமுழுகும் நாளுக்கு, நொச்சியும் வேப்பிலையும் போட்டுக் காய்ச்சிப் பிள்ளை பெற்றவளுக்கு வார்ப்பதற்கு, முதியவர்களுக்கு, காய்ச்சலில் கிடந்து எழுந்தவர்களுக்கு என்று அளந்து வைத்த பொருள் அது. ஒரு வீட்டின் வெந்நீர்த் தேவை ஓர் அண்டாவுக்குள் அடங்கியது.

அந்த அண்டா இருந்த இடம் பொடக்காலி. வீட்டின் பின்புறம், கிணற்றுக்கோ தண்ணீர்த் தொட்டிக்கோ அருகில், மூன்று கல்லை வைத்தோ மண்ணில் அடுப்பு கட்டியோ அண்டாவை ஏற்றிவிடுவார்கள். பல வீடுகளில் அது இறங்கவே இறங்காது. அதன் அடிப்பகுதியில் கரி ஏறி ஏறிக் கனத்துப் போயிருக்கும். சமையலுக்கு ஆகாத எரிபொருள் எல்லாம் அந்த அடுப்புக்குத்தான் போகும்: காய்ந்த தென்னை மட்டை, பாளை, கொட்டாங்குச்சி, பாக்கு மட்டை, பருத்தி பறித்து முடிந்த காட்டிலிருந்து பிடுங்கி வந்த பருத்திமார், கரும்புச் சோகை. இவற்றில் பாதி ஈரமாக இருக்கும், எரிவதைவிடப் புகைவது அதிகம். தென்னை மட்டை பொறி பறக்க எரியும், பக்கத்தில் கூரை இருந்தால் ஆபத்து. அதனால் அடுப்பு வெட்டவெளியிலோ, மூன்று பக்கம் திறந்த சாய்ப்பிலோ இருந்தது. குளிக்கும் இடம் அதிலிருந்து நாலு எட்டுத் தள்ளி, தட்டியோ மண்சுவரோ மறைத்த, மேலே பெரும்பாலும் கூரை இல்லாத மறைவிடம். சுடுதண்ணியை மொண்டு கொண்டுபோய்ப் பச்சைத் தண்ணியோடு விளாவித் தலைக்கு வார்த்துக்கொள்வார்கள். நெருப்பும் மனிதரும் ஒரே காற்றை மூச்சு வாங்காத ஏற்பாடு அது.

இதைச் சொன்னவுடன் ஒரு மறுப்பு வரும். பழையதை எல்லாம் உயர்த்திப் பேசும் வழக்கத்தில் இதுவும் ஒன்றுதானே, அதே வீட்டுக்குள் சமையலறையில் பெண்கள் விறகுப் புகையில் கண் எரிந்து, நெஞ்சு அடைத்து வாழ்ந்தார்களே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. முன்னோருக்கு நச்சுக்காற்றின் இயல்பு தெரிந்திருந்தால் சமையல் அடுப்பையும் வெளியேதான் வைத்திருப்பார்கள். சோறும் குழம்பும் மழையிலும் காற்றிலும் நாய் கோழியின் கண்ணிலும் படக்கூடாது என்பதால் அந்த அடுப்பு உள்ளே இருந்தது. அதன் விலையைப் பெண்களின் நுரையீரல் கொடுத்தது. வெந்நீர் அடுப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆகவே அது வெளியே போனது. இதில் ஞானம் என்று எதையும் தேட வேண்டியதில்லை. சகிக்க முடியாததைத் தள்ளி வைத்தார்கள், அவ்வளவுதான். இதற்கு எதிர்ப்பக்கச் சான்று கரி அடுப்பு. மரக்கரி கனன்று எரியும், ஆனால் புகைவதில்லை. அதனாலேயே அதை மனிதர்கள் அறைக்குள் அனுமதித்தார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிர் காயக் கரிச்சட்டியை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழுந்திருக்காத செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். கண்ணைக் கரிக்கும் விறகு அவர்களை அறையிலிருந்து விரட்டியிருக்கும். கரி விரட்டவில்லை.

அண்டாவுக்கும் எரிவாயுவுக்கும் நடுவில் ஒரு பொருள் உண்டு. அது செம்பு பாய்லர். நகரத்து வீடுகளிலும் வசதியான கிராமத்து வீடுகளிலும் இருபதாம் நூற்றாண்டில் அது பரவியது. திருப்பூரை ஒட்டிய அனுப்பர்பாளையம் போலச் செம்பு, பித்தளைப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர்கள் இருந்த கொங்கு நாட்டுக்குச் செம்புத் தகட்டை வளைத்து ஒட்டும் கைவேலை புதிதல்ல. அந்தப் பாய்லரின் அமைப்பைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். வெளியே இடுப்பளவு உயரத்தில் ஓர் உருளை. அதன் நடுவில் கீழிருந்து மேல்வரை ஒரு குழாய். குழாய்க்கும் வெளித் தகட்டுக்கும் இடையில் தண்ணீர். அடியில் கம்பித் தட்டின் மேல் கரியோ சிராய்த்தூளோ கொட்டாங்குச்சியோ எரியும். சூடான புகை நடுக்குழாய் வழியே ஏறும்போது சுற்றியுள்ள நீருக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டு உச்சியில் வெளியேறும். மேலே புனலில் ஒரு செம்பு பச்சைத் தண்ணீர் ஊற்றினால் பக்கத்துக் குழாயில் ஒரு செம்பு சுடுதண்ணீர் வரும். டீக்கடைப் பாய்லரும் இதன் உறவுதான். நடுக்குழாய் இங்கே இரண்டு வேலை செய்தது. வெப்பத்தை வீணாக்காமல் பிடித்தது, மேல்நோக்கிய இழுவையை உண்டாக்கிக் கீழே புதுக்காற்றைக் கொண்டுவந்தது. பாய்லரை வீட்டின் பின்கட்டுக்குள் கொண்டுவந்த இடங்களில் அந்தக் குழாயின் மேல் இன்னொரு தகரக் குழாயைச் சொருகிக் கூரைக்கு மேலே நீட்டினார்கள். ஏனென்றால் புகை இன்னும் இருந்தது. சுவர் கறுத்தது, துணி நாறியது. புகை தன்னை வெளியேற்றச் சொல்லித் தானே கேட்டுக்கொண்டது.

அதே காலத்தில் கோயம்புத்தூரில் வேறு அளவில் தண்ணீர் கொதித்தது. 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முன்னின்று தொடங்கிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில்லுக்குப் பிறகு நகரத்தின் தொழில் முகம் மாறியது. நீராவியில் ஓடும் ஆலை என்றால் கொதிகலன் தனிக் கட்டடத்தில் இருக்கும், உயர்ந்த புகைபோக்கி ஊருக்கே தெரியும். 1923இல் இந்தியக் கொதிகலன் சட்டம் வந்தது. பதிவு, ஆய்வாளர், சான்றிதழ், சான்று பெற்ற இயக்குநர் என்று எல்லாம் ஏற்பட்டன. ஏன்? நீராவிக் கொதிகலன் வெடித்தால் சத்தம் ஊரைக் கூட்டும், பிணங்கள் கண்ணுக்குத் தெரியும். கிராமத்தில் வெல்லம் காய்ச்சும் கரும்பாலையிலும் தீ போடுகிற வாய் ஒரு பக்கம், புகைபோக்கி மறுபக்கம், பாகு கிண்டுகிறவர் நடுவில் என்ற பிரிவினை இருந்தது. அங்கேயும் கண்ணுக்குத் தெரிந்த புகைதான் காரணம். ஓசையிடும் ஆபத்துக்கும் கண்ணைக் கரிக்கும் ஆபத்துக்கும் சமூகம் விரைவாக ஏற்பாடு செய்துகொள்கிறது. ஓசையும் மணமும் நிறமும் இல்லாத ஆபத்துக்கு அது தாமதமாகவே விழிக்கிறது.

இந்தத் தாமதம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. ரோமானியர்களின் வெந்நீர்க் கூடங்களில் நெருப்பு குளிக்கும் அறைக்குள் எரியவே இல்லை. வெளிப்புறத்து உலையில் விறகு எரியும். அதன் அனல் தூண்களின் மேல் உயர்த்திய தரைக்கு அடியிலும், சுவருக்குள் பதித்த மண்குழாய்களிலும் ஓடி மேலே வெளியேறும். நொய்யல் கரையோரம் வெள்ளலூரில் ரோமானிய நாணயங்கள் புதையலாகக் கிடைத்தன. அந்த வணிகம் ரோமானியக் காசைக் கொங்குக்குக் கொண்டுவந்தது, ரோமானியக் குளியல் கூடத்தைக் கொண்டுவரவில்லை. நம் தட்பவெப்பத்துக்கு அது தேவைப்படவும் இல்லை. பௌத்த விநய நூல்கள் துறவிகளின் அனல் குளியல் அறைக்கு விதி சொல்லும்போது புகைக்குழாய் வைக்கவும் அனுமதி தருகின்றன. இங்கெல்லாம் எரிபொருள் விறகு. 1868இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவில் நொடியில் வெந்நீர் தரும் கருவியை உருவாக்கியபோதுதான் கதை திரும்பியது. உலகத்துக்குக் கீசர் என்ற பெயரைக் கொடுத்த அந்தக் கருவிக்குப் புகைபோக்கியே இல்லை. புகை தெரியவில்லை, ஆகவே போக்கியும் தேவைப்படவில்லை என்பதுதான் அன்றைய புரிதல். எரிந்த வாயு முழுவதும் குளியலறையிலேயே தங்கியது. புகைபோக்கி பின்னால் வந்து சேர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான், வெளிக்காற்றை ஒரு குழாயில் இழுத்து எரிந்த வாயுவை மறு குழாயில் வெளியே தள்ளி, அறைக் காற்றைத் தொடாமலே இயங்கும் மூடிய அமைப்பு ஐரோப்பிய வீடுகளில் பரவியது. விறகுக்காலத்தில் இயல்பாக இருந்த ஒழுங்கை மீட்க அவர்களுக்கும் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தேவைப்பட்டது.

நமக்குச் சமையல் எரிவாயு வந்தது 1950களின் நடுவில், பம்பாயில் தொடங்கி. 1965இல் இந்தியன் ஆயிலின் முதல் இண்டேன் இணைப்பு கல்கத்தாவில் தரப்பட்டது. தமிழ்நாட்டுக் கிராமத்து வீடுகளுக்குள் அது பெருமளவில் நுழைந்தது 2007இல் மாநில அரசு இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு. 2016இல் வந்த மத்திய அரசின் உஜ்வலா திட்டம் அதை மேலும் விரித்தது. சமையலறைப் புகையிலிருந்து பெண்களை விடுவித்த அளவில் இது பெரிய நன்மை, அதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் எரிவாயு புகையோடு சேர்த்துப் புகையின் எச்சரிக்கையையும் எடுத்துக்கொண்டு போனது. சிலிண்டரில் ஓடும் சின்னக் கீசர் சந்தைக்கு வந்தபோது அதைக் குளியலறைச் சுவரிலேயே ஆணியடித்து மாட்டினார்கள். சுவர் கறுக்கவில்லை, கண் எரியவில்லை. மார்கழிக் குளிருக்கு ஜன்னலையும் அடைத்தார்கள். பொடக்காலியில் நாலு எட்டுத் தள்ளி இருந்த நெருப்பு, குளிப்பவரின் தலைக்கு மேல் வந்து உட்கார்ந்தது.

அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நிமிடத்துக்கு ஆறு லிட்டர் தண்ணீரை 25 டிகிரி உயர்த்தும் கீசர் மணிக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வாயுவை எரிக்கும். ஒரு கிலோ வாயு முழுமையாக எரிய ஏறக்குறைய 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஏழடி, எட்டடி உயரம் உள்ள குளியலறையில் இருக்கும் காற்றே மொத்தம் 8 கன மீட்டர். பத்து நிமிடக் குளியலில் அந்தக் காற்றின் கால் பங்கில் உள்ள ஆக்சிஜன் தீர்ந்துவிடும். ஒருவர் பின் ஒருவராக மூன்று பேர் குளித்தால் நிலைமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆக்சிஜன் குறையக் குறையத் தீ அரைகுறையாக எரிந்து கார்பன் மோனாக்சைடை உமிழத் தொடங்கும். இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேலான பற்றோடு இந்த வாயுவைப் பிடித்துக்கொள்கிறது. தலைசுற்றல், குமட்டல், கால் தளர்ச்சி, பிறகு மயக்கம். கதவைத் திறந்து வெளியே வருவதற்கான தெளிவே முதலில் போய்விடுகிறது. எரிவாயு கீசர் உள்ள குளியலறைகளில் மயங்கி விழுந்தவர்களையும் இறந்தவர்களையும் பற்றி இந்திய மருத்துவர்கள் தனி நோய்க்குறித் தொகுப்பாகவே எழுதியிருக்கிறார்கள். வலிப்பு நோய் என்று தவறாகக் கருதப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. இப்படிப்பட்ட சாவுகள் அரிது, இதற்கு இவ்வளவு கவலையா என்று கேட்பவர்களுக்குப் பதில் இங்கேயே இருக்கிறது. குளியலறையில் விழுந்தவரின் சாவு மாரடைப்பு என்று எளிதாகக் கணக்கில் ஏறிவிடும். தேடாதது எண்ணிக்கையில் வராது.

இன்னொரு மறுப்பு தொழில்நுட்பத்தின் பெயரால் வருகிறது. இன்றைய கருவிகளில் தீ அணைந்தால் வாயுவை நிறுத்தும் அமைப்பு இருக்கிறது, சிலவற்றில் ஆக்சிஜன் குறைந்தால் நின்றுவிடும் உணரியும் இருக்கிறது, வாயு கசிந்தால் நாற்றமே காட்டிக்கொடுத்துவிடுமே என்பார்கள். மூன்றும் உண்மை, மூன்றும் போதாது. தீ அணைவதைக் கண்காணிக்கும் அமைப்பு தீ எரியும்போது என்ன உமிழ்கிறது என்று பார்ப்பதில்லை. உணரி தூசி படிந்து தேயும், அதைச் சோதிக்க நம் வீடுகளில் யாரும் ஆள் கூப்பிடுவதில்லை. நாற்றத்துக்காகச் சேர்க்கும் மெர்காப்டன் எரியாத வாயுவுக்குத்தான் காவல். எரிந்து வரும் கழிவில் அது எரிந்தே போயிருக்கும். கசிவையும் கழிவையும் ஒன்றாக நினைப்பதுதான் இதில் மிகப் பெரிய பிழை. கசிந்த சமையல் வாயு காற்றைவிடக் கனமானது. தரையில் படிந்து பள்ளத்தில் தேங்கும், பொறி பட்டால் வெடிக்கும். எரிந்த கழிவோ சூட்டில் மேலே எழும், எழ வழியில்லாவிட்டால் அறையை நிரப்பும். ஒன்றுக்குக் கீழே திறப்பு வேண்டும், மற்றதற்கு மேலே போக்கி வேண்டும்.

இந்தப் பின்னணியோடு தொண்டாமுத்தூரின் நீச்சல் குளத்துக்குத் திரும்பினால் அளவு மாறியிருப்பது உறைக்கும். பத்து மீட்டர் நீளம், ஐந்து மீட்டர் அகலம், சராசரி 1.2 மீட்டர் ஆழம் உள்ள சிறு குளத்தில் 60,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதை 5 டிகிரி உயர்த்த, இழப்புகளைச் சேர்த்து, 34 கிலோ அளவுக்கு எரிவாயு செலவாகும். வீட்டுச் சிலிண்டர் 14.2 கிலோ, அதுவும் இப்படிப்பட்ட வணிகப் பயன்பாட்டுக்கு உரியதல்ல. 19 கிலோ வணிகச் சிலிண்டர் ஏறக்குறைய இரண்டு தீர்ந்துவிடும். 100 கிலோவாட் ஹீட்டர் ஒன்றுக்கு இதைச் செய்ய நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும், மணிக்கு நூறு கன மீட்டர் அளவுக்குக் காற்றை அது விழுங்கும். குளியலறைக் கீசரைப் போல எட்டு மடங்கு மூச்சு. அதை மோட்டார் அறைக்குள் அடைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது என்பது பழைய பிழையை எட்டு மடங்கில் செய்வது.

அதனால்தான் ஹீட்டர் பொருத்தும் முறையின் முதல் விதி இடம். திறந்த வெளியில், கூரை இல்லாமல் அல்லது பக்கங்கள் திறந்த சாய்ப்பில், கான்கிரீட் மேடையின் மேல், மரம், ஓலை, பாக்குத் தட்டி எதுவும் அண்டாத தூரத்தில் வைக்க வேண்டும். எவ்வளவு தூரம் என்பதைத் தயாரிப்பாளரின் கையேடு ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியே சொல்லியிருக்கும். அதைக் கொத்தனாரின் உத்தேசத்துக்கு விடக்கூடாது. ஜன்னல், கதவு, ஏசி காற்றிழுக்கும் வாய் எதற்கும் அருகில் கழிவு வாய் இருக்கக்கூடாது. கட்டாயம் அறைக்குள்தான் வைக்க வேண்டும் என்றால், தரையோரம் ஒன்றும் கூரையோரம் ஒன்றுமாக வெளிக்குத் திறந்த நிரந்தரத் திறப்புகளும், கூரைக்கு மேலே உயரும் புகைபோக்கியும் வேண்டும். குளத்து மோட்டாரைப் பள்ளத்தில் வைப்பது இங்கே வழக்கம். சமையல் வாயுவில் ஓடும் ஹீட்டரை அந்தப் பள்ளத்தில் இறக்குவது கூடவே கூடாது, கசிந்த வாயு அங்கே கிணற்று நீர் போலத் தேங்கிவிடும். இந்த வட்டாரத்துக்கென்று தனிக் கவலை ஒன்றும் உண்டு. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி, ஆடி மாதங்களில் மேற்கிலிருந்து வரும் காற்று சாதாரணமானதல்ல. ஐப்பசி, கார்த்திகையில் திசை மாறிக் கிழக்கிலிருந்து வீசும். ஒரு பருவத்தின் காற்றை மட்டும் பார்த்துப் புகைபோக்கி வைத்தால் மறு பருவத்தில் காற்று கழிவை உள்ளே திருப்பித் தள்ளும். காற்றுத் தடுப்பு மூடியும், சுவரின் மூலையிலிருந்து விலகிய இடமும் இங்கே கட்டாயம்.

சிலிண்டர்களின் பக்கத்தில் அனுபவம் தரும் எச்சரிக்கை வேறு. வேகமாக வாயுவை உறிஞ்சினால் சிலிண்டருக்குள் திரவம் ஆவியாவதற்கான வெப்பம் போதாமல் வெளிப்புறம் பனி பூக்கும், வாயு வரத்து குறையும். கல்யாண மண்டபச் சமையற்கட்டில் இப்படி ஆகும்போது சிலிண்டரின் மேல் சுடுதண்ணீர் ஊற்றுவதும், அதைச் சாய்த்துப் போடுவதும் நம் ஊரில் கைவந்த வழக்கம். சாய்த்தால் வாயுவுக்குப் பதில் திரவமே குழாய்க்குள் ஓடும், ஹீட்டரின் தீ கட்டுக்கடங்காமல் பாயும். சரியான தீர்வு, தேவையான எண்ணிக்கையில் சிலிண்டர்களை நிமிர்த்தி வரிசையாக இணைத்து, அழுத்தத்தைச் சீராக்கி அனுப்புவது. ஒரே இடத்தில் 100 கிலோவுக்கு மேல் சமையல் வாயு வைத்திருக்க வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் உரிமம் வேண்டும் என்பதையும் விடுதிக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். கோவை நகருக்குள் குழாய்வழி இயற்கை எரிவாயு வந்துகொண்டிருக்கிறது. அது காற்றைவிட இலேசானது. சிலிண்டர் வாயுவுக்கான ஹீட்டரை அதன் ஜெட்டை மாற்றாமல் அந்தக் குழாயில் மாட்டக்கூடாது. எல்லாவற்றையும் வெளியே வைக்கச் சொல்கிறீர்கள், இங்கே யானை வருமே என்று அடிவாரத்தில் ஒருவர் கேட்டால் அது கேலிப் பேச்சல்ல. ரேஷன் அரிசிக்காகச் சுவரை இடித்த யானைகளை இந்த ஊர்கள் அறியும். ஆனால் பதில், சிலிண்டரையும் ஹீட்டரையும் வீட்டுக்குள் கொண்டுபோவது அல்ல. காற்று புகும்படியான இரும்புக் கம்பிக் கூண்டும், எளிதில் எட்டும் இடத்தில் ஓர் அடைப்பு வால்வும் போதும்.

தண்ணீரின் பக்கமும் ஒழுங்கு உண்டு. மோட்டார், வடிகட்டி, ஹீட்டர், அதற்குப் பிறகே குளோரின் என்பது வரிசை. இதை மாற்றினால் அடர்ந்த குளோரின் ஹீட்டரின் செம்புச் சுருளைத் தின்றுவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒருவழி வால்வு இல்லையென்றால் மோட்டார் நின்றதும் குளோரின் பின்னோக்கி ஏறும். குளோரின் டப்பாக்களை ஹீட்டர் பக்கத்தில் அடுக்கினால் குளோரின் ஆவியைத் தீ இழுக்க, ஹீட்டர் உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும், அப்போது கழிவுப் பாதை அடைபட்டு மீண்டும் அதே மோனாக்சைடு. தண்ணீர் ஓடாதபோது தீ பற்றாமல் தடுக்கும் சுவிட்ச் இல்லாத ஹீட்டரை இயக்கவே கூடாது. சிறுவாணியின் மென்னீர் ஒரு கதை, ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் வேறு கதை. உப்பு படிந்த சுருள் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கடத்தாமல் தானே காயும். குளத்தோடு வெந்நீர் ஸ்பா தொட்டியும் இருந்தால் அதில் நீர் 40 டிகிரியைத் தாண்டக்கூடாது. கர்ப்பிணிகளுக்கும் இதய நோயாளிகளுக்கும் அதுவே அதிகம்.

கடைசியாக நிற்கும் மறுப்பு வலுவானது. எதற்கு எரிவாயு, சூரிய ஒளித் தகடும் வெளிக்காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் ஹீட் பம்பும் இருக்கும்போது என்பது அது. வெயில் மிகுந்த கோவை மாவட்டத்துக்கு, வீட்டுக் குளியலுக்கும் தினமும் பயன்படும் குளத்துக்கும், அந்த வாதம் பெரும்பாலும் சரி. வெந்நீருக்கு நெருப்பே வேண்டாம் என்றால் இந்தக் கட்டுரையின் கவலை பாதி தீர்ந்துவிடும். ஆனால் வார இறுதியில் மட்டும் ஆள் வரும் விடுதி, நாலு மணி நேரத்தில் தண்ணீர் சூடாக வேண்டும் என்று கேட்கும்போது எரிவாயுவைத் தேடும். அடுக்குமாடியில் பால்கனி கூட இல்லாதவர் சின்னக் கீசரைத் தேடுவார். முன்னவருக்குச் சொல்லக்கூடியது, வெளியே வையுங்கள், முறைப்படி பயிற்சி பெற்றவரைக் கொண்டு பொருத்துங்கள், சோப்பு நீர் தடவி இணைப்புகளைச் சோதிக்காமல் முதல் தீயைப் பற்ற வைக்காதீர்கள், ஆண்டுக்கு ஒரு முறை திறந்து பாருங்கள் என்பது. பின்னவருக்குச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: கழிவை வெளியேற்ற வழி இல்லாத வீட்டில் எரிவாயு கீசர் வேண்டாம், மின்சாரம் போதும்.

கொங்கு நாட்டு வீடு வெந்நீர் அடுப்பை வெளியே வைத்தது புத்திசாலித்தனத்தால் அல்ல, புகையின் வற்புறுத்தலால். அந்த வற்புறுத்தல் இன்று இல்லை. கண் எரியாத, சுவர் கறுக்காத நெருப்புக்கு வற்புறுத்தத் தெரியாது. அதன் இடத்தில் எழுதப்பட்ட விதி வர வேண்டும், அந்த விதியைக் கேட்டுச் சரிபார்க்கும் ஆள் வர வேண்டும். மில்லின் கொதிகலனுக்கு 1923இல் ஆய்வாளரைக் கொடுத்த அரசு, விடுதிகளின் குளத்து ஹீட்டருக்கும் வாடகை வீடுகளின் கீசருக்கும் குறைந்தது கட்டட அனுமதியின்போதாவது ஒரு சோதனையை வைக்கலாம். அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குளத்துக்கு ஹீட்டர் வாங்கப் போகிறவர், விலையும் வேகமும் கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: இது எங்கிருந்து காற்றை இழுக்கும், எரிந்ததை எங்கே விடும்? இரண்டுக்கும் வெளியே என்ற பதில் கிடைக்காவிட்டால் அந்த ஹீட்டரை வாங்க வேண்டாம்.